பறவைக்குத் தீனியா, பிள்ளைக்கு விளையாட்டா?

ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் டிசம்பர் பிறந்துவிட்டால், சின்னஞ்சிறு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு பெரியவர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. உப்பில்லாத சோளப்பொரி, கிரான்பெரி என்னும் சிவந்த புளிப்புப் பழம், ஆப்பிள் துண்டு, தோலோடு கூடிய நிலக்கடலை ஆகியவற்றை நூலில் கோத்து மாலையாக்குகிறார்கள். அதைத் தோட்டத்து மரக்கிளையில் தொங்கவிடுகிறார்கள். பறவைகளும் அணில்களும் வந்து தின்கின்றன. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பிள்ளைகள் பார்த்து மகிழ்கிறார்கள்.

அந்நாடுகளில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளிலும் இப்பழக்கம் நுழைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வரும் பிள்ளை, "உம்மா, நாமும் கட்டுவோம்" என்று கேட்கிறது. அப்போது பெற்றோர் உள்ளத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. இது ஸதகாவாகுமா? மாற்று மதத்தாரின் பண்டிகையைப் பின்பற்றிய குற்றம் வந்து சேருமா? பருவம் அடையாத பிள்ளை செய்யும் நற்செயலுக்குக் கூலி உண்டா?

மூன்றும் நல்ல கேள்விகளே. ஆனால் இம்மூன்றுக்கும் அடியில் நான்காவது கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைக் கேட்பவர் குறைவு. அந்த மாலை யாருக்காகக் கட்டப்படுகிறது? பசித்த பறவைக்காகவா, பொழுது போகாத பிள்ளைக்காகவா? இதற்குச் சரியான விடை கண்டுவிட்டால், மற்ற மூன்றும் தாமே தெளிவாகிவிடும்.

பறவையின் தேவை என்ன?

நம் நாட்டில் குளிர்காலம் என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் காலம், அவ்வளவுதான். அங்கே அது உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட காலம். டிசம்பர் கடைசியில் இலண்டனில் பகற்பொழுது 8 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் 6 மணி நேரம்கூட இல்லை. அந்தச் சிறிய பகலுக்குள் தேடித் தின்றதைக் கொண்டுதான் நீண்ட இரவின் குளிரைத் தாங்கியாக வேண்டும்.

பிரிட்டனின் தோட்டங்களில் 'புளூ டிட்' என்றொரு குருவி இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்து மலைகளில் பட்டாணிக்குருவி என்று சொல்கிறோமே, அதன் குடும்பத்தைச் சேர்ந்தது. எடை ஏறத்தாழ 11 கிராம். நம் பெரியவர்கள் கணக்கில் ஒரு தோலா. கடுங்குளிரான ஓர் இரவில் அது தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடக் கூடும். விடிந்ததும் அந்த இழப்பை ஈடு செய்யாவிட்டால் அடுத்த இரவு அதற்குக் கடைசி இரவு. அதைவிடச் சிறிய 'ரென்' என்னும் குருவிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சூடு தேடும். 1969-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரே ஒரு கூட்டுப்பெட்டிக்குள் 61 ரென் குருவிகள் நெருக்கியடித்துத் தங்கியிருந்ததைக் கண்டார்கள். 1962-63 குளிர்காலம் மிகக் கொடியதாக இருந்தபோது, அந்நாட்டு ரென் குருவிகளில் பெரும் பகுதி மடிந்தே போயிற்று.

பூமியில் ஊரும் உயிர்களும், இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருமறையின் ஆறாவது அத்தியாயம் உணர்த்துகிறது. அந்தச் சமுதாயத்துக்கும் ஒரு பஞ்சகாலம் உண்டு என்பதைக் குளிர்நாட்டுப் பிள்ளை ஜன்னல் வழியாகவே கண்டுகொள்கிறது. இது ஒரு பெரிய பாடம்.

உலகம் கண்ட வழக்கம்

பறவைகளுக்குக் குளிர்காலத்தில் தீனி வைப்பது நேற்று முளைத்த பழக்கமன்று. நார்வே நாட்டில் அறுவடையின்போதே ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றை எடுத்து வைத்து, நடுக்குளிர்காலத்தில் கம்பத்தில் கட்டிப் பறவைகளுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். பிரிட்டனில் 1890-91 குளிர்காலம் கடுமையாக இருந்தபோது, பறவைகளுக்கு உணவு வையுங்கள் என்று பத்திரிகைகளே மக்களைக் கேட்டுக்கொண்டன. அதற்குச் சற்று முன்பு, 1889-ஆம் ஆண்டில், சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்கப் பறவைகளைக் கொன்று குவித்த கொடுமையை எதிர்த்து அங்குள்ள பெண்மணிகளே ஒரு சங்கம் கண்டார்கள். 1904-இல் 'ராயல்' பட்டம் பெற்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் இதுதான். ஒரே காலத்தில் ஒரே நாட்டில் சிலர் பறவையின் சிறகைத் தலையில் சூடினார்கள். சிலர் அதற்குத் தீனி வைத்தார்கள். பறவையை விரும்புவதாக இரு சாராருமே சொல்லிக்கொண்டிருப்பார்கள். விருப்பம் வேறு, இரக்கம் வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் சமுதாயமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. பனி பெய்யும் இஸ்தான்பூல் நகருக்குச் சென்றால், உஸ்மானியர் காலத்துப் பள்ளிவாசல்களின் சுவர்களில் பறவைகளுக்கென்று கல்லில் செதுக்கப்பட்ட சிறு மாளிகைகளைக் காணலாம். உஸ்குதாரில் 1710-இல் கட்டி முடிக்கப்பட்ட எனி வாலிதே பள்ளியிலும், 1760-ஆம் ஆண்டளவில் எழுந்த அயஸ்மா பள்ளியிலும் அவை இன்றும் இருக்கின்றன. தொழுகைக்கு வருபவனுக்கு உள்ளே இடம். குருவிக்குச் சுவரில் இடம். அந்தச் சிற்பி குருவிக்கு எட்டும் உயரத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் அதை அமைத்தான். தங்கப்போகிறவரின் தேவையை எண்ணிக் கட்டப்பட்ட வீடு அது.

விளையாட்டு குற்றமா?

பிள்ளை மகிழ்வதற்காகச் செய்தால் நன்மை போய்விடுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். அஞ்ச வேண்டியதில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்ததும், அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பாலகனின் துக்கத்தில் பங்குகொண்டு, குருவி என்னவாயிற்று என்று அன்போடு விசாரித்ததும் நாம் அறிந்த செய்தி. ஷாபிஈ மத்ஹபின் இமாம்களுள் ஒருவரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து 60-க்கும் மேற்பட்ட பயன்களை எடுத்துத் தனியாக ஒரு நூலே எழுதினார்கள். வேதனை கொடுக்காதவரை பிள்ளை பறவையோடு விளையாடலாம் என்பது இந்த ஹதீஸிலிருந்து அறிஞர்கள் எடுத்த சட்டங்களுள் ஒன்று.

இனி இன்னொரு காட்சியைப் பாருங்கள். குறைஷிக் குலத்து வாலிபர்கள் சிலர் ஓர் உயிருள்ள பறவையைக் கட்டி வைத்து அதன்மீது அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். குறி தவறும் அம்புகளெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்று பேச்சு. அவ்வழியே வந்த இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ளதைக் குறிப்பொருளாக்குபவனை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துரைத்து அவர்கள் கண்டித்தார்கள்.

இரண்டிலும் பறவை இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது. வேற்றுமை எங்கே? முதலாவதில் பறவை ஓர் உயிராக மதிக்கப்பட்டது. அதன் மரணம் ஒரு துக்கமாயிற்று. இரண்டாவதில் அது வெறும் கருவியாயிற்று. நாம் கட்டும் மாலைக்கும் இதே உரைகல்தான். பிள்ளைக்கு இரக்கம் கற்பிக்கப் பறவை ஒரு கருவி மாத்திரம் என்று எண்ணினால், மாலை கட்டி முடிந்ததும் நம் வேலை முடிந்துவிடும். பறவைக்கு என்ன ஆனாலும் பாடம் நடந்துவிட்டதே! பறவையும் ஓர் உயிர், அதன் நன்மையே நோக்கம் என்று எண்ணினால், மாலை கட்டி முடிந்த பிறகுதான் நம் வேலை தொடங்கும்.

ஹிஜ்ரி 660-இல் மறைந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், தம் 'கவாயிதுல் அஹ்காம்' என்ற நூலில், மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார்கள். பயன் தராத அளவுக்கு மூப்பும் நோயும் கண்டுவிட்ட பிராணிக்கும் தீனி கொடுத்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எத்துணை நுட்பமான கருத்து! உரிமை, நமக்குக் கிடைக்கும் பயனைச் சார்ந்ததன்று. காட்டுப் பறவை நமக்குச் சொந்தமன்று. ஆகவே அதற்குத் தீனி வைப்பது நம்மீது கடமையாகவில்லை. ஆனால் நாமே அழைத்து விருந்து வைத்த பின், விருந்தில் விஷம் கலக்காமல் பார்த்துக்கொள்வது கடமை அல்லவா?

அறிவில்லாத இரக்கம்

'விருந்தில் விஷம்' என்று சொன்னது மிகையன்று. உப்பிட்ட கடலையும் உப்பும் வெண்ணெயும் சேர்த்த பொரியும் நமக்குச் சுவை. சிறு பறவையின் உடல் அந்த உப்பைத் தாங்காது. சமைத்த இறைச்சியிலிருந்து வடிந்த கொழுப்பு இறுகாமல் இறகில் ஒட்டிக்கொள்ளும். குளிரையும் ஈரத்தையும் தடுக்கும் இறகு பாழாகும். உலர்த்தித் துருவிய தேங்காய் வயிற்றில் போய் ஊதும். ரொட்டித் துண்டு பசியை அடைக்குமேயன்றி வலுத் தராது. குறுகிய பகலில் வயிற்றை நிரப்பிக்கொண்டு சத்தில்லாமல் இரவுக்குள் நுழைவது பறவைக்கு நஷ்டமே.

நிலக்கடலையில் பிடிக்கும் பூசணத்தின் கதை இன்னும் பயங்கரமானது. 1960-இல் இங்கிலாந்தின் பண்ணைகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் பிடித்த பூசணத்தின் நஞ்சே காரணம் என்று தெரிந்தது. 'அஃப்ளாடாக்சின்' என்னும் பெயர் அப்போதுதான் உலகுக்குத் தெரியவந்தது. "கெட்டுப்போன கடலைதானே, குருவிக்குப் போடு" என்று சொல்லும் கை, தர்மம் செய்யும் கையாகுமா? தாமே வாங்கிக்கொள்ள மனம் ஒப்பாத இழிந்த பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்று திருமறை தடுத்திருப்பதை நாம் அறிவோம். அந்தத் தடை மனிதருக்குக் கொடுப்பதோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது?

தீனி வைக்கும் இடமே நோய் பரப்பும் இடமாவதும் உண்டு. 'கிரீன்ஃபிஞ்ச்' என்றொரு பச்சை நிறக் குருவி பிரிட்டனின் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்பட்டது. 2005-ஆம் ஆண்டிலிருந்து தொண்டையைத் தாக்கும் ஒரு நோய் அதனிடையே பரவிற்று. நோயுற்ற பறவையின் எச்சில் பட்ட தீனியும் நீரும் அதைப் பரப்பும் முக்கிய வழிகள். பறவைகள் கூடித் தின்னும் இடங்களில் அது எளிதில் தொற்றுகிறது. குருவியின் தொகை வெகுவாகக் குறைந்து, 2021-இல் ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மேலே சொன்ன பறவைப் பாதுகாப்புச் சங்கமே 2025-இல் தட்டையான தீனிப் பலகைகளை விற்பதை நிறுத்தி வைத்தது. அன்போடு வைத்த பலகைதான். ஆனால் கழுவாத பலகை.

இங்கேதான் நம் பொருளின் மையம் இருக்கிறது. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற ஹதீஸை நாம் எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறோம். எண்ணம் நல்லதாக இருந்தால் விளைவு எப்படியிருந்தாலும் கவலையில்லை என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு. ஒளு முறிந்துவிட்டது என்று அறிந்துகொண்டே தொழுபவன், "என் நிய்யத் நல்லதுதானே" என்று சொல்ல முடியுமா? தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்ள மறுப்பவனின் எண்ணத்தை எப்படித் தூய எண்ணம் என்பது? பறவையின் நன்மையை உண்மையிலேயே நாடுபவன், அதற்கு எது நன்மை என்று கேட்டுத் தெரிந்துகொள்வான். கேளாமல் கொடுப்பவன் தன் மனமகிழ்ச்சியைத்தான் நாடுகிறான்.

ஹலாலும் ஹராமும்

இப்போது முதலில் எழுந்த கேள்விகளுக்கு வருவோம்.

குளிர்நாடுகளில் பைன் மரக்காயில் கொழுப்பைப் பூசி, அதில் தானியத்தைப் பதித்துத் தொங்கவிடுவதும் வழக்கம். அங்குள்ள செய்முறைகள் பலவற்றில் சொல்லப்படும் கொழுப்பு பன்றிக் கொழுப்பு. நம் பிள்ளைகள் கையால் பிசைந்து பூசும் வேலை இது. பன்றி நம் ஷாபிஈ மத்ஹபில் ஏழு முறை கழுவ வேண்டிய கடும் நஜீஸ். கடையில் வாங்கும் கொழுப்புக் கட்டியிலும் அது கலந்திருக்கலாம். ஆகவே மேலுறையைப் படித்துப் பாருங்கள். ஹலாலான மாட்டுக் கொழுப்பையோ ஆட்டுக் கொழுப்பையோ பயன்படுத்துங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பழமும் தானியமும் போதும். "நாம் தின்னவா போகிறோம்?" என்று பிள்ளை கேட்டால், விலக்கப்பட்டதைக் கையால் பிசைவதும் நமக்கு வேண்டாம் என்று விளக்க அதுவே நல்ல தருணம்.

பண்டிகையைப் பின்பற்றுவதா என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்குள் மரம் நட்டு, அதன்மீது மாலை சுற்றிக் கொண்டாடுவது கிறிஸ்தவ அன்பர்களின் பண்டிகை வழக்கம். அது அவர்களுக்கு உரியது. அதைப் பழிப்பது நம் வேலையன்று. பின்பற்றுவதும் நம் வேலையன்று. ஆனால் பறவையின் பசிக்கு மதமும் இல்லை, தேதியும் இல்லை. உண்மையைச் சொன்னால், இயற்கையான காய்களும் விதைகளும் தீர்ந்துபோய் உணவு மிகவும் அருகிவிடும் காலம் டிசம்பர் அன்று. குளிர்காலத்தின் கடைசிப் பகுதியான பிப்ரவரி, மார்ச் மாதங்களே. பண்டிகைக்காகக் கட்டியவர்கள் அதற்குள் மறந்திருப்பார்கள். அப்போது நீங்கள் கட்டுங்கள்! தோட்டத்து மரத்தில், உறைபனி விழும் காலையில், பசித்த உயிருக்கென்று கட்டுங்கள். இது யாரையும் பின்பற்றியதாகாது. பறவைக்கும் அதிகப் பயன்.

பிள்ளைக்குக் கூலி உண்டா? ஒரு பெண்மணி தம் குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று கேட்டபோது, உண்டு என்றும், அதன் கூலி உனக்கும் உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். பிள்ளையின் நன்மை வீணாவதில்லை. அதற்கு வழிகாட்டிய தாய்தந்தையரும் வெறுங்கையோடு போவதில்லை.

எப்படிக் கட்டுவது?

சுத்தமான பருத்தி நூலை எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் நூலும் பிளாஸ்டிக் வலையும் பறவையின் காலில் சிக்கி அதை மாய்த்துவிடும். மழுங்கிய பெரிய ஊசி போதும். அதையும் பெரியவர் பக்கத்திலிருந்தே பிள்ளை கையாள வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் வாயில் முழுக் கடலை போனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஆகவே அதற்கு ஆப்பிள் துண்டைக் கோக்கும் வேலையைக் கொடுங்கள். பொரியில் உப்பும் எண்ணெயும் வேண்டாம்; அதில் சத்துக் குறைவு என்பதால் அதைக் கொஞ்சமாகவும் பழத்தை மிகுதியாகவும் சேருங்கள். உலர்ந்த திராட்சை பறவைக்கு நல்லது. ஆனால் நாய்க்கு நஞ்சு. பக்கத்து வீட்டு நாய் வந்துபோகும் இடமானால் அது வேண்டாம்.

பூனை பதுங்கியிருந்து பாயக்கூடிய புதருக்கு அருகே மாலையைத் தொங்கவிடாதீர்கள். பழம் அழுகத் தொடங்கினாலும் கடலையில் பூசணம் கண்டாலும் உடனே எடுத்துவிடுங்கள். தின்று முடித்த பின் நூலை மரத்திலேயே விட்டுவிடக்கூடாது. அறுத்துக் கொண்டுவந்து போட வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவுவது பிள்ளைக்கும் பெரியவர்க்கும் பொது.

தீனியைப் போலவே தண்ணீரும் முக்கியம். எங்கும் பனிக்கட்டியாக இருக்கும் நாளில் குடிக்க ஒரு சொட்டு நீர் கிடைக்காது. ஆழமில்லாத தட்டில் தினம் புது நீர் ஊற்றி வையுங்கள்; உறையாமலிருக்க உப்போ மருந்தோ கலக்காதீர்கள். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவனை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸையும், உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உபகாரத்தில் நற்கூலி உண்டு என்று அதில் வருவதையும் அந்தத் தட்டை நிரப்பும்போது சொல்லிக்கொடுங்கள். பிள்ளை மறக்காது.

அழையாத விருந்தாளிகள்

குருவிக்கென்று கட்டினால் அணில் வந்து பறித்துக்கொண்டு போகிறது. பிரிட்டனில் இன்று எங்கும் ஓடித் திரியும் சாம்பல் அணில் அந்த மண்ணுக்கு உரியதன்று. 1876-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. "நம் மாலையைத் திருடிவிட்டதே" என்று பிள்ளை அழும். மரம் நட்டவனுக்கு, அதிலிருந்து மனிதன் தின்றதும் பறவை தின்றதும் விலங்கு தின்றதும் ஸதகாவாகும் என்றும், திருடப்பட்டதும்கூட ஸதகாவாகும் என்றும் ஹதீஸில் வந்திருக்கிறதே! யார் தின்ன வேண்டும் என்பதை நாம் நாடினோம். யாருக்கு எழுதப்பட்டிருந்ததோ அது தின்றது. கொடுத்தவன் கணக்கில் குறைவில்லை. கொடுத்த பின் அதன்மேல் உரிமை கொண்டாடாமலிருக்க, பிள்ளைக்கு அணிலே ஆசிரியராகிவிடுகிறது.

ஆனால் எல்லா விலங்குக்கும் கொடுத்துவிடலாகாது. வட அமெரிக்காவில் குளிர்காலத்து மானின் வயிறு குச்சிக்கும் பட்டைக்கும் பழகியிருக்கும். இரக்கப்பட்டு மக்காச்சோளத்தைக் கொட்டினால், வயிற்றில் அமிலம் மிகுந்து, நிரம்பிய வயிற்றோடு மான் செத்துவிழும். மானுக்குத் தீனி வைப்பதை அங்குப் பல மாநிலங்கள் சட்டத்தாலேயே தடுத்திருக்கின்றன. கரடி உலவும் பகுதியில் அது விழித்திருக்கும் காலத்தில் தீனி தொங்கவிட்டால், அது வீட்டு வாசலுக்குப் பழகி, கடைசியில் ஆபத்தான மிருகம் என்று சுடப்படுவதும் உண்டு. இரவில் சிந்திக் கிடக்கும் தீனி எலியை அழைக்கும். அது அண்டை வீட்டாருக்குத் துன்பம். கொடுக்காமலிருப்பதே இரக்கமாகும் இடங்களும் உண்டு என்பதை அறிவதும் கல்வியே.

ரிஸ்கு யார் கையில்?

"பூமியில் உள்ள எல்லா உயிர்க்கும் உணவளிக்கும் பொறுப்பு அல்லாஹ்வுடையது என்று ஓதுகிறோமே, பின் நாம் ஏன் தீனி வைக்க வேண்டும்?" என்று சிந்திக்கும் பிள்ளை கேட்கக் கூடும். கேட்கட்டும். இதற்கு விடை சொல்ல அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி உதவுகிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் 'சிக்கடி' என்னும் சிறு குருவிகளை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட முடிவு இது: கொடுங்குளிர்காலத்தில் தீனி கிடைத்த குருவிகளில் 100-க்கு 69 பிழைத்தன, கிடைக்காதவற்றில் 100-க்கு 37-தான் பிழைத்தன. அதே ஆராய்ச்சியாளர்கள் 1992-இல், பல்லாண்டுகள் தீனி வைத்துப் பழகிய இடத்தில் அதை நிறுத்திப் பார்த்தார்கள். அப்பறவைகள், தீனியே கண்டிராத பறவைகளுக்கு ஒப்பாகவே பிழைத்தன. தீனி இருக்கும்போதும் அவை தம் உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே அங்கிருந்து எடுத்தன. மீதியைக் காட்டிலேயே தேடிக்கொண்டன.

காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்பும் பறவையை, உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் தவக்குலுக்கு உவமையாகக் காட்டினார்கள் நம் நாயகம் (ஸல்). பறவை நம்மை நம்பி வாழவில்லை. நாம் இல்லாவிட்டாலும் அதன் இரட்சகன் இருக்கிறான். ஆயினும் கடுமையான இரவொன்றில் அவன் ஏற்படுத்திய காரணங்களுள் ஒன்றாக நம் கையும் அமையலாம். பெருமைப்படவும் இடமில்லை, கைகட்டி நிற்கவும் இடமில்லை.

அந்த ஒரு பங்கையேனும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் வருகிறது. ஒரு நாள் பத்து மாலை கட்டிப் புகைப்படம் எடுத்துவிட்டு மறந்துபோவதைவிட, குளிர்காலம் முடியும்வரை தினம் ஒரு கைப்பிடி தீனியும் ஒரு தட்டுத் தண்ணீரும் சிறந்தவை. அதைவிடச் சிறந்தது, தோட்டத்து ஓரத்தில் ஹாதார்ன், ரோவன் போன்ற பழம்தரும் செடிகளை நட்டு, குளிர்காலம் கழியும்வரை அவற்றைக் கத்தரிக்காமல் விடுவது. அல்லாஹ் தன் கையால் கட்டித் தொங்கவிடும் மாலைகள் அவை. கழுவவும் வேண்டாம், நூல் அறுக்கவும் வேண்டாம். நட்டவர் மறைந்த பின்னும் அவற்றில் பறவை வந்து தின்னும்.

மனிதன் பசித்திருக்கையில்…

"மனிதன் பட்டினி கிடக்கும்போது குருவிக்கு விருந்தா?" என்று கேட்பவரும் உண்டு. அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரப்புபவன் முழுமையான முஃமின் அல்லன் என்பது நம் மார்க்கம். ஆகவே அந்த உரிமை முந்தியது, ஐயமில்லை. ஆனால் ஒரு ஆப்பிளும் ஒரு பிடி கடலையும் ஏழையின் சோற்றிலிருந்து எடுக்கப்படுபவை அல்ல. நடைமுறையில் நாம் காண்பதென்ன? "மனிதனுக்குக் கொடுக்கலாமே" என்று வாதிடுபவரில் பலர் மனிதனுக்கும் கொடுப்பதில்லை! பேச வாயில்லாத உயிரின் பசியை ஜன்னல் வழியே கண்டு எழுந்து போகக் கற்ற பிள்ளைக்கு, வாசலில் நின்று கேட்கும் மனிதனின் குரல் நிச்சயம் காதில் விழும். அப்படி விழவில்லையானால் நாம் கற்பித்ததில் எங்கோ குறை இருக்கிறது. தீனிக்கான செலவை நிறுத்திவிட்டு, முதலில் அதைத் திருத்த வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டு மாலை யாருக்காக என்று அறிய விரும்பினால், அதைக் கட்டிய நாளைப் பார்க்க வேண்டாம். கட்டி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். பழம் அழுகியதா என்று ஓடிப்போய்ப் பார்க்கும் பிள்ளை, உறைந்த தண்ணீரை மாற்றும் பிள்ளை, நூலை நினைவாக அறுத்து வரும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அது ஸதகா. அழகாகக் கோத்ததோடு நின்றுபோயிருந்தால் அது வெறும் விளையாட்டு. விளையாட்டும் ஆகுமானதே, ஆனால் அதற்கு ஸதகா என்று பெயர் சூட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் பெயர்களை நம்பிவிடுவார்கள்.

உயிர்களிடத்தில் இரக்கத்தையும், அந்த இரக்கத்துக்கு வழிகாட்டும் அறிவையும், அறிந்ததை நிலையாகச் செய்யும் உறுதியையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்கட் செல்வங்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.